கடல்நீர் மீன் தொட்டிக்கு உலர்பாறையைப் பக்குவப்படுத்தல்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, விழிஞம் கடற்கரையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் 'சாகரிகா' என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலை அமைந்துள்ளது. அதைக் கண்டு திரும்பும் மாணவர்கள் பள்ளியிலும் அத்தகைய தொட்டி ஒன்று வேண்டுமென விரும்புவது இயல்பே. ஆயின் கடல்நீர்த் தொட்டியில் மீனை விடுமுன் பாறையைப் பக்குவப்படுத்துதல் இன்றியமையாதது. இதனை அறியாமல் தொடங்கப்படும் தொட்டிகளில் மீன்கள் சில நாட்களிலேயே மடிகின்றன.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நீரின் காரத்தன்மை மிகுந்தால் அம்மோனியாவின் நச்சுப் பகுதியும் மிகும், பி.எச். எண் ஒன்று உயர, அப்பகுதி ஏறக்குறைய 10 மடங்காகிறது. கடல்நீரின் பி.எச். சுமார் 8.2 ஆதலால், நன்னீர் மீனைவிடக் கடல் மீனுக்கு இந்த அபாயம் பெரிது. பாறையின் மேற்பரப்பில் குடியேறும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. துளைகள் நிறைந்த பாறையே தொட்டியின் சிறந்த வடிகட்டி எனலாம்.

முற்காலத்தில் இதற்கெனக் கடலிலிருந்து உயிர்ப்பாறையைப் பெயர்த்தெடுத்தனர். இந்தியாவில் 2001ஆம் ஆண்டு முதல் பாறை அமைக்கும் பவழங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவழம் வெட்டப்பட்டதால் நேர்ந்த அழிவு பலரும் அறிந்ததே. எனவே கரையில் ஒதுங்கிய பவழத் துண்டுகளையும் எடுத்தலாகாது. சுரங்கத்திலிருந்து வந்த துளையுள்ள சுண்ணாம்புக் கல்லே தக்கது. கேரளத்தில் எளிதிற் கிடைக்கும் செம்பூரான் கல் துளையுடையதாயினும், இரும்பும் களிமண்ணும் கலந்தது. அது நீரைக் கலங்கச் செய்யும். கல்லின்மேல் சில துளி வினிகர் விட்டு நுரை எழுகிறதா எனப் பார்த்தால் சுண்ணாம்புக் கல்லை அறியலாம்.

முதற்கண், கல்லைத் தூரிகையால் நன்கு தேய்த்து நன்னீரில் கழுவ வேண்டும். மக்கிய பொருள் ஒட்டியிருப்பின், ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துடன் பத்துப் பங்கு நீர் கலந்து, அதில் ஓரிரு நாட்கள் ஊறவிடலாம். பின்னர்ப் பலமுறை கழுவி, நிழற்படக்காரர் வழங்கும் ஹைப்போ கலந்த நீரில் இட்டு, எஞ்சிய குளோரினை நீக்கி, வெயிலில் நன்கு காய வைத்தல் வேண்டும். வெளுப்புத் திரவத்துடன் அமிலம் எதனையும் ஒருபோதும் சேர்த்தலாகாது. நச்சுக் குளோரின் வாயு எழும். இவ்வேலையைத் திறந்த வெளியில், கையுறையணிந்து, ஆசிரியரே செய்வது நலம்.

சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டை ஈர்த்து வைத்துப் பின்னர் மெல்ல வெளிவிடும். அது பாசிக்கு உரமாகும். ஆகவே சுத்தமான நீரில் கல்லைச் சில நாட்கள் ஊறவைத்து, அந்நீரில் பாஸ்பேட்டைச் சோதித்து, தென்படின் நீரை மாற்றி மீண்டும் ஊறவிட வேண்டும்.

அடுத்த கட்டமே முக்கியமானது. கல்லை ஒரு தொட்டியில் அடுக்கி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை கரைத்த நீரை நிரப்பவும். சமையல் உப்பு இதற்கு உதவாது; கடல்நீரிலுள்ள மக்னீசியம், கால்சியம் முதலியன அதில் போதிய அளவு இல்லை. வெப்பநிலையை 26 முதல் 28 டிகிரி வரை வைத்து, பம்பினால் நீரை ஓடச்செய்து, விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளிச்சமின்றேல் பாசி வளராது. வேண்டிய பாக்டீரியாக்களுக்கோ வெளிச்சம் தேவையில்லை. நன்கு நடைபெறும் வேறொரு தொட்டியின் சிறு கல் கிடைப்பின், அதனை உறைமோர் போல இதில் இடலாம்.

பாக்டீரியாக்களுக்கு உணவாக, 100 லிட்டர் நீருக்குச் சுமார் 0.6 கிராம் தூய நவச்சாரம் இட்டால், அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆகும். பள்ளி ஆய்வுக்கூடத்து நவச்சாரமே ஏற்றது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை அளந்து, மாணவர்களைக் கொண்டு வரைபடம் வரையச் செய்யலாம். முதலில் அம்மோனியா குறையும். நைட்ரைட் ஏறி இறங்கும். இறுதியில் நைட்ரேட் உயரும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மீண்டும் அதே அளவு நவச்சாரம் இட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாதொழிந்தால் பாறை பக்குவமடைந்தது எனக் கொள்ளலாம்.

அதன்பின் நீரின் பெரும்பகுதியை மாற்றி, ஒன்றிரண்டு மீன்களை மட்டும் விடுதல் வேண்டும். கடலிலிருந்து பிடித்தவற்றைவிட, வளர்ப்பிடத்தில் பொரித்த கோமாளி மீன்கள் சிறந்தவை; இவற்றின் இனப்பெருக்க ஆராய்ச்சி விழிஞத்திலும் மண்டபத்திலும் நடைபெற்றுள்ளது. நீரில் அம்மோனியா இருக்கும்போது, கண்ணுக்கு அது தெளிவாகவே தோன்றும். ஆதலின் கண்ணை நம்பாது, சோதனையை நம்பியே மீனை விடுதல் முறையாகும்.