தேர்த்துகளின் பகுதி எண்: பகாக் காரணி வழிப் பாட ஆய்வு

முன்னுரை

தமிழ்க் கீழ்வாயிலக்கங்களுள் முந்திரி என்பது 1/320 ஆகும். அதனை மீண்டும் 320ஆல் வகுக்கக் கிடைப்பது கீழ்முந்திரி (1/102400). அதற்கும் கீழே, இம்மி முதல் தேர்த்துகள் ஈறாகப் பதினான்கு சிற்றளவுகள் இன்று வழங்கும் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. தேர்த்துகளின் பகுதியாக அவை தருவது 2323824530227200000000 என்னும் 22 இலக்க எண். தமிழர் கணித நுட்பத்திற்குச் சான்றாக இவ்வெண் காட்டப்பெறும்போது அதன் பருமையே வியக்கப்படுகிறது. அதன் உள்ளமைப்பு பாட ஆய்வுக்கு எவ்வாறு துணைபுரியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படிநிலைப் பெருக்கிகள்

அடுத்தடுத்த அளவுகளின் பகுதிகளை ஒன்றால் ஒன்று வகுத்தால், கீழ்முந்திரியிலிருந்து நுண்மணல் வரை முறையே 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, 20, 40, 60, 100 என்னும் முழு எண்களே ஈவுகளாகின்றன. பதின்மூன்று படிகளிலும் மீதி இல்லை. ஆகவே பட்டியலின் நீண்ட எண்கள், பெருக்கிகளைக் கொண்டு கணக்கிடப்பட்டவை என்பது தெளிவு.

முதற்பெருக்கி 21 ஆதல் கருதத்தக்கது. 102400இன் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. ஆதலால் மூன்றில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் கீழ்முந்திரியால் மீதியின்றிக் குறிக்க இயலாது. இம்மியின் பகுதி 2150400. எனவே மூன்றில் ஒன்று 716800 இம்மியாகவும், ஏழில் ஒன்று 307200 இம்மியாகவும் நிறைவுறுகின்றன.

எண்ணின் இயல்புகள்

தேர்த்துகளின் பகுதியைக் காரணிப்படுத்தினால் கிடைப்பது:

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

இதன் வகுத்திகள் 49,680. முதல் ஏழு பகா எண்களும் இதனுள் அடங்கியுள்ளன. 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களும் இதனை மீதியின்றி வகுக்கின்றன. வகுக்காத முதல் எண் 19.

ஆறரை என்னும் சிக்கல்

நுண்மணலிலிருந்து தேர்த்துகளுக்குச் செல்லும் இறுதிப்படியில் மட்டும் பெருக்கி 6½ ஆகிறது. 13 என்னும் காரணி நுழைவதும் இப்படியில்தான். இலக்கம் ஒன்று பிறழ எழுதப்பட்டிருப்பின் ஈவு இவ்வளவு சரியாக ஆறரையாக அமைந்திராது. ஆகவே பிழை உண்டெனில் அது விடையில் அன்று, பெருக்கியிலேயே இருத்தல் வேண்டும். பெருக்கி ஆறு எனின் 13 மறையும். 1 முதல் 18 வரை வகுபடும் நிறைவும் குலையும். 11க்கும் 17க்கும் இடைப்பட்ட 13ஐ நிரப்பவே ஆறரை கொள்ளப்பட்டது எனவும் கருத இடமுண்டு. எனினும் அமைப்பின் நிறைவு ஒன்றே ஆசிரியர் கருத்தை மெய்ப்பிக்கும் சான்றாகாது.

முடிவுரை

இச்சிக்கலைத் தீர்க்கவல்லது சுவடிச் சான்றே. கணக்குச் சுவடிகளைப் பதிப்பிப்போர் இறுதி விடையை மட்டும் தராமல், படிதோறும் சொல்லப்பட்ட பெருக்கியையும் பாடவேறுபாட்டுடன் பதிவுசெய்தல் வேண்டும். ‘அரை’ என்னும் ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் 22 இலக்க எண்ணின் இயல்பையே மாற்றிவிடுகிறது.