உங்களுக்குத் தெரியுமா? - புற்றுநோயைக் கொல்லும் கிருமி நஞ்சு

★ தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியாவில் கிருமி பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடும். இதயத்தையும் நரம்புகளையும் தேடிப்போய்த் தாக்குவது அது கக்கும் நஞ்சுதான். 1888-ல் பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் இதைக் காட்டினார்கள். கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவமே விலங்குகளைக் கொன்றது. அதே நஞ்சின் ஒரு பகுதி இன்று ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து!

★ எவ்வளவு கொடிய நஞ்சு? 1978-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அதன் கொல்லும் துண்டில் ஒரே ஒரு மூலக்கூறு செல்லுக்குள் போனால் போதும், செல் காலி.

★ இந்த நஞ்சு ஒரே புரதம்தான். ஆனால் அதற்குள் மூன்று வேலைக்காரர்கள். ஒருவன் செல்லின் கதவைத் தேடிப் பிடிப்பான். இன்னொருவன் உள்ளே நுழைய வழி செய்வான். மூன்றாமவன் நேராகப் போய், புரதம் தயாராகும் வேலையை நிறுத்திவிடுவான். அடுப்பு அணைந்த வீடு எத்தனை நாள் தாங்கும்? விஞ்ஞானிகள் கதவு தேடுபவனை மட்டும் வெட்டி எறிந்தார்கள். அவன் இடத்தில், புற்றுச் செல்கள் விரும்பி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை ஒட்டினார்கள். நஞ்சு அதேதான், முகவரிதான் வேறு. இப்படிச் சேர்த்த மரபணுவை ஈ.கோலி கிருமிக்குள் வைத்தால், அது மருந்தைத் தயாரித்துத் தரும். ஒரு கிருமியின் நஞ்சைச் சமைப்பது இன்னொரு கிருமி!

★ அந்த வகையில் முதலில் அனுமதி பெற்றது 'ஆன்டாக்'. ஆண்டு 1999. நோய், தோலில் தலைகாட்டும் டி-செல் லிம்போமா. ஒட்டப்பட்ட முகவரி, இன்டர்லூக்கின்-2. தயாரிப்புச் சிக்கலால் 2014-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. பிறகு மெருகேறி, 'லிம்ஃபிர்' என்ற புதுப் பெயரோடு 2024-ல் திரும்பியது.

★ பிளாஸ்டிக் பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிட்டிக் செல் நியோபிளாசம். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், இதுவும் ஓர் அரிய ரத்தப் புற்றுநோய்தான். (இந்த 'பிளாஸ்டிக்' கடைப் பை அல்ல, முதிராத செல்லைக் குறிப்பது.) தோலில் கன்றிப்போனது போன்ற ஊதாத் திட்டுகள் வரும். இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து, 2018 டிசம்பரில் வந்த 'எல்சான்ரிஸ்'. உள்ளே இருப்பது அதே டிப்தீரியா நஞ்சு, ஒட்டியிருப்பது இன்டர்லூக்கின்-3. இரண்டு வயதுக் குழந்தை முதல் கொடுக்கலாம்.

★ சூடோமோனாஸ் ஏருஜினோசா, தீக்காய வார்டுகளின் பழைய எதிரி. சீழைப் பச்சை நீலமாக்கும். பெயரின் பின்பாதிக்கு லத்தீனில் செம்புக் களிம்பின் நிறம் என்று பொருள். இதன் நஞ்சை ஆன்டிபாடித் துண்டோடு இணைத்து, 'ஹேரி செல்' லுக்கேமியாவுக்கு மருந்து செய்தார்கள். (மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்லைச் சுற்றி முடி முளைத்தது போல இருக்கும்.) மற்ற மருந்துகள் கைவிட்ட 80 பேருக்குக் கொடுத்ததில், நான்கில் மூவருக்குப் பலன் தெரிந்தது. 2018-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் 2023-ல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அரிய நோய் மருந்துகளுக்கு ஆய்வகத்தில் வெல்வது மட்டும் போதாது போலும்.

★ டிப்தீரியா நஞ்சும் சூடோமோனாஸ் நஞ்சும் செல்லுக்குள் அடிப்பது ஒரே இடத்தில்தான். அந்த இடத்துக்குப் பெயர் டிப்தமைடு. நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு பொருள், நம்மைக் கொல்லும் நோயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

★ டெக்சாஸ் மாநிலத்தில் 'கலீச்சே' என்னும் சுண்ணாம்பு மண். ஒரு மருந்து நிறுவன விஞ்ஞானி அள்ளி வந்த அந்த மண்ணிலிருந்த பாக்டீரியா, டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து அறுக்கும் நஞ்சைச் சுரந்தது. பெயர் கலீச்சியாமைசின். அதை ஆன்டிபாடியில் கோத்த 'மைலோடார்க்' 2000-ல் லுக்கேமியாவுக்கு வந்தது, 2010-ல் போனது, 2017-ல் மறுபடி வந்தது.

★ ஏன் ரத்தப் புற்றுநோயில் மட்டும் இந்தக் கிருமி நஞ்சு மருந்துகள் ஓரளவு ஜெயிக்கின்றன? ரத்தத்தில் மிதக்கும் செல்லை மருந்து எட்டுவது எளிது. கட்டியின் உள்ளே புகுவது கடினம். இன்னொன்று, இந்த நோயாளிகளுக்கு எதிர்ப்பு சக்தி குன்றியிருக்கும். அந்நியப் புரதத்தை அவர்கள் உடல் சட்டென்று விரட்டாது. நோயாளியின் பலவீனமே மருந்துக்குப் பலம்.

★ ஆபத்து இல்லாமல் இல்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, உடல் வீங்கி, ரத்த அழுத்தம் சரியலாம். அதனால்தான் 'எல்சான்ரிஸ்' மருந்தின் முதல் சுற்றை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தே கொடுக்கிறார்கள்.

★ சிறுவயதில் முத்தடுப்பு ஊசி போட்டவர் உடலில் டிப்தீரியா நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அது டிப்தீரியா நஞ்சில் செய்த மருந்தின் வீரியத்தையும் கொஞ்சம் குறைக்கும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்! 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.