நேர்ப்பொருளும் மறைபொருளும்

கம்மாபுரத்துக்காரர்கள் விருத்தாசலத்தைத் தாண்டி முகாசாபரூர்ப் பக்கம் போனால் கோணான்குப்பம் வரும். அங்கே புடவை கட்டிய கோலத்தில் நிற்கும் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் அந்தப் பெயர் உண்டு. இந்த மாதா கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்று பள்ளிப் பாடப்புத்தகம் அவரை அறிமுகப்படுத்தும். வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற பெரிய வழக்கைத் தமிழிலேயே நடத்தியவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பு தரங்கம்பாடியில் இருந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். வேதம் மட்டுமே போதும், விளங்காத வசனத்தை விளங்கும் வசனத்தைக் கொண்டே தெளிந்துகொள்ளலாம் என்பது லுத்தரன் சபையின் நிலை. வீரமாமுனிவரின் கத்தோலிக்கத் தரப்பு இதை ஏற்கவில்லை. அப்போஸ்தலர் காலம் முதல் வழிவழியாக வந்த மரபையும் திருச்சபையின் போதனையையும் விட்டுவிட்டு ஏட்டை மட்டும் பிடித்துக்கொண்டால், ஆளுக்கொரு பொருள் கிளம்பும் என்பது அவர்கள் அச்சம். அந்தப் போரில் எழுந்ததுதான் 1728இல் வீரமாமுனிவர் எழுதிய ‘வேத விளக்கம்’. வாதம் கடுமையானது. ஆனால் கத்தோலிக்கர் கையில் அன்று முழுத் தமிழ் விவிலியம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூல நூலைக் குடியானவன் கையில் கொடுத்த பெருமை தரங்கம்பாடிக்கே உரியது.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு. வேதத்தில் மேலோட்டமான பொருளுக்கு அடியில் இன்னொரு பொருள் இருக்கிறது என்பதே அது. மோசே பாலைவனத்தில் கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பைச் சிலுவையின் அடையாளமாக யோவான் நற்செய்தி காட்டுகிறது. யோனா மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்ததை, இயேசு கல்லறையில் கிடக்கப்போகும் மூன்று நாளோடு மத்தேயு சேர்க்கிறார். ஆகார், சாராள் என்ற இரு பெண்களின் கதையை இரண்டு உடன்படிக்கைகளாக வாசிக்கிறார் பவுல். தமிழ்ப் பிரசங்கிகள் இதை ‘நிழலாட்டம்’ என்பார்கள்: நிழல் பழைய ஏற்பாட்டில், பொருள் புதிய ஏற்பாட்டில். தேம்பாவணியின் நாயகன் சூசையப்பர். ஆனாலும் யோசுவா, கிதியோன் கதைகளெல்லாம் காப்பியத்துக்குள் வந்து நிற்பதற்கு இந்த வாசிப்புதான் காரணம்.

இதற்கு வரம்பு எது? நல்ல சமாரியன் கதையை அகஸ்டின் வாசித்த விதத்தைப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், கள்வர்கள் பிசாசும் அவன் தூதர்களும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல். அழகுதான். ஆனால் இப்படியே போனால் எதையும் எதுவாகவும் சொல்லிவிடலாம். ஒரே எருசலேம் வரலாற்றில் ஒரு நகரமாகவும், உருவகத்தில் திருச்சபையாகவும், ஒழுக்கத்தில் மனித ஆன்மாவாகவும், மறுமையில் பரலோகமாகவும் நான்கு வகையில் விரிந்த காலம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வேலி போட்டார்: எந்த உட்பொருளும் நேர்ப்பொருளின் மேல்தான் நிற்க வேண்டும், வாதத்தில் ஆதாரமாகக் காட்டுவதற்கு நேர்ப்பொருள் மட்டுமே செல்லும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழருக்கு இப்படிப்பட்ட வாசிப்பு புதிதல்ல. ஆழ்வார் நாயகி நிலையில் நின்று பாடும்போது தாய், தோழி, தூது போகும் பறவை எல்லாவற்றுக்கும் வைணவ உரையாசிரியர்கள் ‘ஸ்வாபதேசம்’ என்று உட்பொருள் சொல்வார்கள். பழைய ஏற்பாட்டின் உன்னதப்பாட்டு வெளிப்பார்வைக்கு ஒரு காதல் பாடல். கிறிஸ்தவ மரபு அதில் மணமகனாகக் கிறிஸ்துவையும் மணமகளாகச் சபையையும் கண்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800 வாக்கில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியபோது இந்த இரு மரபுகளும் கைகோத்தன. பெத்லகேம் நாதர்மேல் காதல் கொண்ட தலைவி சபை. குறி சொல்ல வருகிற குறத்தி விசுவாசம். பறவை பிடிப்போர் ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியர்கள். வேதத்தின் மறைபொருளைத் தமிழ் மண்ணின் ஆட்டத்திலேயே விளக்கிக் காட்டிய அந்த ஒரு நூல், பல பிரசங்கங்களுக்கு ஈடு.

இறைவெளிப்பாடு வேத நூலோடு நின்றுவிட்டதா என்பது அடுத்த கேள்வி. தேம்பாவணிக்கு ஆதாரமாக அமைந்தவற்றுள் ஒன்று, ஆகிர்தா மரியா என்ற ஸ்பானியக் கன்னியர் தாம் கண்ட காட்சிகளாக எழுதிய ‘தேவ நகரம்’ பற்றிய பெருநூல். அது அச்சேறியது 1670இல். இப்படிப்பட்ட காட்சிகளைக் கத்தோலிக்கர் தனி வெளிப்பாடு என்பார்கள். பொது வெளிப்பாடு அப்போஸ்தலரோடு நிறைவடைந்தது. தனி வெளிப்பாடு பக்திக்கு உதவலாம், விசுவாசத்தில் ஒன்றையும் புதிதாகக் கூட்டாது. காப்பியம் பாட அந்த நூல் உதவியது என்பதற்காக அது வேதமாகிவிடாது.

நேர்ப்பொருள் என்ற வேலி இல்லாத இடத்தில் நடப்பதற்கு எடுத்துக்காட்டு 666. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். ‘நேரோன் கேசர்’ என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். ‘நேரோன்’ என்பதன் கடைசி ‘ன்’னுக்கு மதிப்பு 50, அதை விட்டால் 616. வெளிப்படுத்தின விசேஷத்தின் சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. ஆகவே அந்த எண், அன்று திருச்சபையைக் கொடுமைப்படுத்திய ரோமப் பேரரசனைச் சுட்டியது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்தை மறந்தவர்கள் பார்கோடுவரை அந்த எண்ணைத் தேடிவிட்டார்கள். அதுபோலவே அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் நூலின் 2,300 நாளை 2,300 ஆண்டாகக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று நம்பிக் காத்திருந்தார்கள். அறுவடையைக்கூட வயலில் விட்டவர்கள் உண்டு. விடிந்தபோது அவர்கள் பட்ட மனவேதனை பரிகாசத்துக்கு உரியதல்ல. நம்பிக்கையைக் கணக்காக்கிக் கொடுத்தவர்களின் பொறுப்பு அது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதத்தை எழுதியவரின் காலத்தையும் இலக்கிய வகையையும் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உழைத்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. வேத விளக்கத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பின் வாரிசுகளும் ஒரே வாசகத்தின் மேல் குனிந்து உட்கார்ந்தார்கள். வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. கத்தோலிக்கர் பதிப்பில், சீர்திருத்த சபையார் வேதமாக ஏற்காத இணைத்திருமுறை நூல்கள் உண்டு. சீர்திருத்த சபை வீடுகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பே இன்றும் வாசிக்கப்படுகிறது.