ஸ்வெட்டர் சீசனும் ஆறு மாத மாத்திரையும்: திபெத்திய அகதிகளை டிபி ஏன் விடமாட்டேங்குது?

கூர்க் ட்ரிப் போனவங்க பைலகுப்பேயைத் தவறவிட்டிருக்க மாட்டீங்க. தங்கக் கோயில், மோமோ, செல்ஃபி, கிளம்பியாச்சு. 1960-ல் உருவான அந்தத் திபெத்திய அகதிக் குடியிருப்புக்குள் ஒரு மருத்துவமனையும் இருக்கிறது.

நாடே இல்லாதவர்களுக்கு மருத்துவமனை யார் நடத்துறாங்க? தர்மசாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய திபெத்திய நிர்வாகத்தில் 1981 முதல் தனி சுகாதாரத் துறை இருக்கிறது. வரி வசூலிக்க முடிகிற அரசு இல்லையே, அதனால் பெரும்பகுதி நன்கொடைதான். 2012-ல் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கினார்கள். கூடவே 1961-ல் தர்மசாலாவில் மீண்டும் தொடங்கப்பட்ட மென்-ட்ஸீ-காங் என்ற பாரம்பரிய மருத்துவ நிலையம். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

ஆனால் இவர்களை அதிகம் படுத்துவது காசநோய். ஹாஸ்டல், மடாலயம் என நெருக்கமாகத் தங்கும் வாழ்க்கை; ஒருவர் இருமினால் அறைக்கே ஆபத்து. 2017-ல் திபெத்தியப் பள்ளிகளில் 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். லட்சத்துக்கு 853 என்ற விகிதத்தில் நோய் தெரியவந்தது. இன்னும் ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கிட்டத்தட்ட, நோய் வெளிப்படாமலே கிருமி உடம்புக்குள் இருந்தது.

சாதாரண டிபிக்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடணும். சிக்கலே அங்கதான். குளிர்காலம் வந்தால் பல குடும்பங்கள் லூதியானாவில் சரக்கெடுத்து, ஊர் ஊராக ஸ்வெட்டர் விற்கக் கிளம்பிவிடும். வருஷ வருமானமே அந்தச் சில மாதங்களில்தான். இருமல் கொஞ்சம் குறைந்ததும் 'சரியாப் போச்சு'ன்னு மாத்திரையை நிறுத்திட்டா, கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடும். அப்படி மாறிய டிபிக்கு முன்பெல்லாம் இரண்டு வருஷம் வரை சிகிச்சை. காது கேட்காமல் செய்துவிடக்கூடிய ஊசிகளும் அதில் உண்டு. "பொறுப்பில்லாம நிறுத்திட்டாங்க" என்று சொல்வது சுலபம். கடையை மூடிட்டு ஊருக்குத் திரும்பினால் வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பா?

அதனால்தான் பள்ளிப் பரிசோதனை முக்கியமாகிறது. கிருமி மட்டும் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு மருந்துகள், மூன்றே மாதம். ஹாஸ்டலில் வார்டன் கண்முன்னாலேயே கொடுத்து முடித்துவிடலாம். அம்மா எந்த ஊர்ச் சந்தையில் இருந்தாலும் சரி.