ஊர்ப் பூங்கா

திரிகூடமலையின் அடியில் குற்றாலமும், அதனை அடுத்துத் தென்காசியும் உள்ளன. தென்காசி நகரின் அருகே அமைந்த ஊராட்சி குத்துக்கல்வலசை. நகரம் வளருந்தோறும், அதனைச் சூழ்ந்த ஊர்களில் வயல்களும் தோப்புகளும் வீட்டு மனைகளாக மாறுதல் இயல்பு. வீடுகள் நெருங்கிய பின்னர்ச் சிறுவர் ஓடியாடுவதற்கும், முதியோர் மாலையில் அமர்ந்து இளைப்பாறுவதற்கும் இடம் வேண்டுமன்றோ? அவ்விடமே ஊர்ப் பூங்கா. அது யாருக்கு உரியது? அதனைப் பேணும் கடமை யாரைச் சார்ந்தது?

பெரிய நிலமொன்றை மனைகளாகப் பிரிப்பவர், அது முழுவதையும் விற்றுவிட இயலாது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கினைப் பொதுப் பயனுக்கென ஒதுக்குதல் வேண்டும். அப்பங்கினைத் தானப் பத்திரத்தின் வாயிலாக எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தலும் வேண்டும். ஊராட்சிப் பகுதியாயின் அந்நிலம் ஊராட்சியின் பொறுப்பில் வந்து சேரும். அன்றுமுதல் நிலத்தை விற்றவருக்கு அதன்மீது உரிமை இல்லை.

எனினும், ஊராட்சி தன் விருப்பம்போல் அதனைக் கையாளலாகாது. கோயில் நிலத்தைக் காக்கும் அறங்காவலர் அந்நிலத்தின் உடைமையாளர் ஆகாதது போன்றதே இது. ஊராட்சியும் மக்களின் பொருட்டே பூங்காவைக் காத்து வருகிறது.

எல்லாப் பூங்காக்களும் ஊராட்சிக்கு உரியன என்று கொள்ளுதல் கூடாது. குற்றாலத்தில் ஐந்தருவியின் அருகே உள்ள சுற்றுச்சூழல் பூங்காவினை அரசின் தோட்டக்கலைத் துறை பேணுகிறது. நகரத் தெருக்களின் இடையே உள்ள பூங்காக்கள் பெரும்பாலும் நகராட்சியின் பொறுப்பில் உள்ளன.

ஊராட்சிப் பூங்காவைப் பேணுதலில் ஒரு நுட்பம் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் பணிகளை இரு வகையாகப் பிரிக்கிறது. குடிநீர் வழங்குதல், தெருவிளக்கு அமைத்தல், கழிவுநீர்க் கால்வாய் கட்டுதல் ஆகியவை கட்டாயக் கடமைகள். பூங்கா, விளையாட்டிடம், படிப்பகம் ஆகியவை ஊராட்சி தன் விருப்பத்தால் மேற்கொள்ளத்தக்க பணிகள். ஆதலின், வரும்படி குறைந்த ஊரில் குழாய்க்கும் விளக்குக்கும் செலவிட்டது போக எஞ்சிய பணமே பூங்காவுக்குக் கிட்டும். சில பூங்காக்களில் முட்செடிகள் மண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதனை மாற்றும் ஆற்றல் மக்களிடமே உள்ளது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் எவரும் அதில் எழுந்து, “நம் ஊர்ப் பூங்காவுக்கென இவ்வாண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு?” என்று வினவலாம், பூங்காவைச் சீர்செய்யத் தீர்மானமும் கொண்டுவரலாம்.

மக்கள் விழிப்புடன் இருந்தால் பூங்கா நிலைபெறும் என்பதற்குப் பெங்களூரில் நிகழ்ந்த வழக்கொன்று சான்றாகும். அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்று கட்டிக்கொள்ள 1976ஆம் ஆண்டில் அளித்தனர். அங்குக் குடியிருந்த மக்கள் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்பது எதிர்த்தரப்பினர் வாதம். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. யாவர்க்கும் பொதுவான பூங்காவும், தனியார் நடத்தும் மருத்துவமனையும் ஒன்றாகா எனக் கொண்டு, 1991ஆம் ஆண்டில் மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுப்பார் இல்லாதிருந்தால் அந்நிலம் பறிபோயிருக்கும்.

பூங்காவின் பத்திரம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கலாம். ஆயினும், வேலி சாய்ந்தால் கண்டு சொல்வதும், நட்ட கன்றுக்கு நீர் ஊற்றுவதும், குப்பை கொட்டுவோரைத் தடுப்பதும் அத்தெருவில் வாழ்வோரால் ஆவன. பொதுச்சொத்து என்பது உரிமையாளர் இல்லாத சொத்து அன்று. ஊரார் அனைவரும் உரிமையாளராக உள்ள சொத்து ஆகும்.