தீட்டென்று எதைச் சொல்வோம்?

நம் கடியப்பட்டணத்தின் பாதுகாவலராம் புனித இராயப்பர் வலைவீசிப் பிழைத்தவர் என்பதை யாவரும் அறிவோம். யோப்பா நகரின் கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் வீட்டில் அவர் தங்கியதை எத்தனை பேர் நினைக்கிறோம்? செத்த விலங்கின் தோலைக் கையாளும் அத்தொழிலை யூதர்கள் இழிவாகக் கருதினர். இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டெனலாகாது என்ற பாடத்தை அவ்வீட்டில்தான் அப்போஸ்தலர் காட்சியாகப் பெற்றார்.

அப்பாடத்தை இன்று ஓவியக் கலையிலும் காண்கிறோம். கர்நாடகத்துப் பத்ராவதியில் 1957-இல் பிறந்த ஷீலா கௌடா, சாந்திநிகேதனிலும் இலண்டனிலும் பயின்று, மனித உருவங்களைத் தீட்டிவந்தார். 1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டு, பம்பாயில் கலவரம் மூண்டபின், பழைய முறை போதாதெனக் கண்டு பசுஞ்சாணத்தைக் கையிலெடுத்தார். ஏழைப் பெண்கள் தரை மெழுகி, வறட்டி தட்டும் அதே சாணம்! அதனின்று அருவப் படைப்புகள் பிறந்தன. பசுவின் பெயரால் பகை வளர்க்கப்படும் நாட்டில், அவை பெண்களின் ஓயாத உழைப்பை நினைவூட்டுகின்றன. 2019-இல் மரியா லாஸ்னிக் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆப்பிரிக்காவிலும் இவ்வழி உண்டு. சுவாசிலாந்தில் 1982-இல் பிறந்த நந்திபா முன்தாம்போ, மாட்டுத்தோலைப் பதப்படுத்தித் தம் உடலின் வடிவிலேயே சிற்பங்களாக்குகிறார்.

மீன்கூடையோடு பேருந்தில் ஏறும் நம் தாய்மாரைக் கண்டு மூக்கைப் பொத்துவோர் உண்டு. அது நமக்கு வலிக்கிறது. ஆனால் தோட்டியையும் செருப்புத் தைப்பவரையும் கண்டு நாம் முகஞ்சுளிப்பதில்லையா? இராயப்பர் தயங்காமல் தங்கிய வீட்டை நினைவிற் கொள்வோமாக!