தோளில் சூடு, குளம்பில் ஆணி

மாரி தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் நெடுந்தீவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பேச்சுத்தான். "நேற்றுப் பின்னேரம் நல்லா ஓடித் திரிஞ்சது டொக்டர், விடியப் பாத்தா மூண்டு காலில நிக்குது." இந்த "நேற்று" என்பதை நான் இப்போது நம்புவதில்லை. கொஞ்சம் கிண்டிக் கேட்டால் அது போன கிழமையாக இருக்கும். இடையில் வேப்பெண்ணெய் பூசியாயிற்று, சூடு போட்டாயிற்று, பாமசியில் வாங்கிய குளிசையும் கொடுத்தாயிற்று. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மிருக வைத்தியரின் நினைவு வருகிறது. அதற்குள் கடலும் கொந்தளித்து, குறிகட்டுவானிலிருந்து படகும் ஓடாமல் நின்றுவிட்டால் குதிரையின் கதி அவ்வளவுதான்.

மட்டக்குதிரையின் அருமையைத் தீவாருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர் காலத்து லாயத்தின் முருகைக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வறட்சியில் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்தால் நாடெங்கும் செய்தியாகிறது. ஒரு கறள் ஆணியால் சாகும் குதிரையை யாரும் எண்ணுவதில்லை.

எந்தக் கால் என்று தெரியுமா?

கேட்டால் உடனே ஒரு காலைக் காட்டுவார்கள். பல வேளைகளில் அது பிழையான கால்.

முன்னங்காலில் நோ இருக்கும் குதிரை, அந்தக் கால் நிலத்தில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். தலை தாழ்வதைப் பார்த்தவுடன் அந்தக் கால்தான் நோகிறது என்று நினைத்து, நல்ல காலுக்கு வைத்தியம் செய்பவர்கள் ஏராளம். பின்னங்காலென்றால் பின்னாலே நின்று இடுப்பைப் பாருங்கள். நோகும் பக்கத்து இடுப்பு மற்றதை விடக் கூடுதலாக ஏறி இறங்கும். மெல்ல நடக்கும்போதே இது தெரியாவிட்டால், கட்டியான சமநிலத்தில் சிறு ஓட்டமாக விட்டுப் பார்க்கலாம். ஆனால் காலையே ஊன்றாத குதிரையை ஓட்டிப் பார்க்க வேண்டாம். எலும்பு வெடித்திருந்தால் அந்த ஓட்டத்திலேயே முறிந்துவிடும்.

குளம்புக்குள் அடைபட்ட சீழ்

ஒரே இரவில் காலைத் தூக்கிவிட்ட குதிரைகளில் நான் அதிகம் காண்பது குளம்புக்குள் கட்டிய சீழைத்தான். உலகில் எங்கே குதிரை வைத்தியம் பார்ப்பவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். கோடை முழுவதும் காய்ந்து வெடித்த குளம்பு, மழை ஈரத்தில் ஊறி மெதுவாகிறது. வெடிப்பு வழியே மண்ணும் கிருமியும் உள்ளே போகின்றன. முருகைக்கல் சிராய், உடை முள், போத்தல் ஓடு எதுவும் வழிதிறக்கப் போதும். நம் உடம்பில் சீழ் கட்டினால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். குளம்பு இடம் கொடுக்காது. உள்ளே அமுக்கம் ஏற ஏற, கால் முறிந்த குதிரை போலவே அது நிற்கும்.

கையை வைத்துப் பாருங்கள். நோகும் குளம்பு மற்றதை விடச் சுடும். குளம்புக்கு மேலே, மயிர்க் கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரலை மெல்ல வைத்தால், நல்ல காலில் தேடித்தான் பிடிக்கவேண்டிய நாடி, நோகும் காலில் தானாகவே விரலில் இடிக்கும். எந்தக் கருவியும் இல்லாமல் யாரும் பார்க்கக்கூடிய சோதனை இது. சீழுக்கு வழிவிட்டால் கறுத்து நாறும் தண்ணீர் வடியும். பெரும்பாலான குதிரைகள் அன்றே காலை ஊன்றத் தொடங்கிவிடும். வழிவிடாமல் நாளைக் கடத்தினால் சீழ் தானே வழி தேடும். குளம்பும் மயிரும் சேரும் இடத்தில் உடைத்துக்கொண்டு வந்தால் அதிர்ஷ்டம். எலும்புக்குள்ளோ மூட்டுக்குள்ளோ போனால் பிறகு எங்கள் கையில் ஒன்றுமில்லை.

அதற்காக நீங்களே சவரக் கத்தியை எடுத்துக் குடையாதீர்கள். வெட்டின இடம் பெரிதானால் உள்ளிருக்கும் உயிர்த்தசை பிதுங்கி வெளியே வரும். அது ஆற மாதக்கணக்காகும்.

"தோள் விலகிப்போச்சு"

இந்த ஒரு வசனத்தால் கெட்ட குதிரைகள் எத்தனையோ. முன்னங்கால் நொண்டினால் தோள் விலகியது, பின்னங்கால் நொண்டினால் இடுப்பு நரம்பு பிசகியது. பிறகு என்ன, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தோளில் மூன்று கோடு. குளம்பைத் தூக்கி அடியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முன்னங்கால் நொண்டலில் மிகப் பெரும்பாலானவை குளம்பிலிருந்துதான் வருகின்றன. தோள் சூம்பிப்போய்த் தெரிவதை ஆதாரமாகக் காட்டுவார்கள். கால் நோவால் ஊன்றாமல் விட்டதில் தசை வற்றிய கோலம் அது. நோவு கீழே, வற்றல் மேலே. ஒருமுறை அப்படிச் சூடுபட்ட குதிரையின் குளம்பைக் கழுவியபோது, நடுவிலுள்ள மென்பகுதியின் பக்கத்துப் பள்ளத்தில் வேலி ஆணியின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தோளில் சுட்ட மூன்று கோட்டிலும் புழு நெளிந்தது.

சூடு போட்டால் சுகம் வருகிறதே என்பார்கள். சில சீழ்கள் தாமாக உடைந்து சுகம் வரும். அந்தப் பெயரைச் சூடு தட்டிக்கொண்டு போகிறது. இது நம்மவர் அறியாமை மட்டும் என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவிலும் பந்தயக் குதிரைகளின் கால் நாண்களுக்குச் சூடு வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1980களில் பிரிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, அதனால் நாண் ஆறுவதில் பயனில்லை என்று காட்டினார்கள். படித்த வைத்தியர்களே கைவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இதே வரிசையில் இன்னும் சில உண்டு. பழைய ஒயில், மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர் எல்லாம் புண்ணின் உயிருள்ள தசையைக் கருக்கிவிட்டு, கிருமியை அடியில் பத்திரமாக மூடி வைக்கின்றன. நோகும் குதிரையைக் கடலில் இறக்கி நிற்க வைப்பதும் உண்டு. உப்புத் தண்ணீர் புண்ணைக் கழுவும், சரி. ஆனால் எங்கள் களக்கடல் குளிர்ந்த நீரல்ல, சுத்தமான நீருமல்ல. மணிக்கணக்கில் ஊறிய குளம்பு இன்னும் மெதுவாகும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கழுவினால் போதும். கண்ணூறு கழிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கழித்த கையோடு எங்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

குளிசை கொடுத்துவிட்டு அழைக்காதீர்கள்

வீட்டில் மிஞ்சிய டைக்குளோபினாக்கை இடித்து வெல்லத்தில் குழைத்துக் கொடுப்பது இப்போது சூட்டை விட வேகமாகப் பரவுகிறது. குதிரையின் வயிறு இந்த வகை மருந்துகளால் எளிதில் புண்படும். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் காய்ந்த குதிரைக்குச் சிறுநீரகமும் போகும். குதிரைக்கென்று நோமருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் நிறை பார்த்து, நாள் எண்ணித்தான் நாங்கள் கொடுக்கிறோம். இன்னொன்று, நோ மறைந்தால் குதிரை நடக்கும். வெடித்த எலும்போடு நடந்தால் என்ன ஆகும் என்று முன்னரே சொன்னேன்.

அன்ரிபயோட்டிக் குளிசை இன்னும் மோசம். மனிதருக்குக் கொடுக்கும் சிலவற்றை வாய் வழியே கொடுத்தால் குதிரையின் பெருங்குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, நிற்காத வயிற்றோட்டம் தொடங்கும். நொண்டிய குதிரை நொண்டலால் சாகாமல் வயிற்றோட்டத்தில் சாகும். மனிதருக்கு ஒத்துக்கொண்டது மிருகத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பாமசியில் யாராவது சொன்னால், மன்னிக்க வேண்டும், அவருக்குத் தெரியாது.

ஆணி நின்றால் இழுக்க வேண்டாமா?

இழுத்துப் போடத்தான் கை துடிக்கும். வைத்தியர் அன்றே வர முடியுமானால் தொடாதீர்கள். ஆணி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே உள்ளே எது துளைபட்டது என்று கணிக்கிறோம். இழுத்த மறுநிமிடம் துளை மூடிக்கொள்ளும். ஆணி மேலும் உள்ளே ஏறாதபடி, அதைச் சுற்றி உயரமாகத் துணியோ பலகைத் துண்டோ வைத்துக் கட்டிவிடுங்கள். படகு இல்லை, குதிரையும் நிற்காமல் மிதிக்கிறது என்றால் எடுத்தே ஆகவேண்டும். எடுக்க முன் தொலைபேசியில் படம் பிடியுங்கள், இடத்தைப் பேனையால் அடையாளமிடுங்கள், ஆணியை எறியாதீர்கள். குளம்பின் நடுப்பகுதியில் ஏறிய ஆணி மூட்டுக்குள் போயிருக்கலாம். அங்கே ஒரு நாள் தாமதம்கூட உயிரை எடுக்கும்.

ஏற்புவலியை மறக்காதீர்கள். வீட்டு மிருகங்களில் அந்தக் கிருமிக்கு மிக எளிதில் இரையாவது குதிரை. புண் ஆறி ஒரு கிழமை இரண்டு கிழமை கழித்து வால் விறைத்து, தாடை பூட்டி, காது நட்டு நிற்கும். அப்போது பார்ப்பதற்கு எங்களுக்கே மனம் வராது.

காலில் சுற்றிய கம்பியும் தங்கூசியும் ஆணியைப் போலவே கெடுதல். கணுக்காலில் மயிருக்குள் மறைந்திருக்கும் தங்கூசி நூலைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குதிரை நடக்க நடக்க அது அறுத்துக்கொண்டே போகும்.

சோறும் பாணும் செய்யும் வேலை

முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, ஓரடி எடுத்து வைக்க மறுத்து நிற்கும் குதிரைக்குக் குளம்பில் ஆணி இல்லை. குளம்பையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் தசையே அழன்றுவிட்டது. காரணம் பெரும்பாலும் வயிறு. கலியாண வீட்டு மிச்சச் சோறு, பார்க்க வந்தவர் போட்ட பாண், மூட்டை அவிழ்ந்த நெல், பட்டினி கிடந்த பின் மழையில் கிளம்பிய புதுப்புல். தின்று ஓரிரு நாளில் கால் போகும். முற்றினால் எலும்பு தாழ்ந்து உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

பாவம் பார்த்துப் போடுகிறோம் என்பீர்கள். குதிரைக்குச் சோறு போடும் பிழை இன்று நேற்றையது அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், பராமரிப்பறியாமல் அவை செத்ததையும், இறைச்சி சேர்த்து அவித்த சோறு அவற்றுக்குத் தீனியானதையும் எழுதியிருக்கிறார். நம் தீவுகளும் அந்த வணிகத்தைக் கண்டவைதான். நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கை மட்டும் பண்டாரத்துக்கு எடுக்கச் சொல்கிறது. மற்றப் பண்டக் கப்பலுக்குப் பாதி. அவ்வளவு விலைபெற்ற மிருகத்துக்கும் தீனி மட்டும் பிழைத்தது.

இந்த நோயில் முதல் இரண்டு நாளும் குளம்பை ஐஸ் தண்ணீரில் வைத்திருப்பது உண்மையான மருந்து. மீன் பெட்டிக்கு வரும் ஐஸில் கொஞ்சம் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, கரையக் கரைய மாற்றுங்கள். நடத்தாதீர்கள். நடந்தால் இளகும் என்பது பொய்.

குட்டி நொண்டினால்

"தாய் மிதிச்சிட்டுது" என்று விட்டுவிடுகிறார்கள். பிறந்து சில கிழமைக்குள் நொண்டும் குட்டிக்குத் தொப்புள் வழியே கிருமி ஏறி மூட்டில் தங்கியிருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். மூட்டைத் தொட்டால் சுடும், குட்டி பால் குடிக்காது. இதற்கு நாளைக்குப் பார்ப்போம் என்பதே கிடையாது.

நாய் கடித்ததாகச் சந்தேகம் இருந்தாலோ, நொண்டலோடு குணமும் மாறினாலோ வாய்க்குள் கை விடாதீர்கள். விசர்நோய் குதிரையில் நொண்டலாகவும் தொடங்கும்.

சோதனைகள்

நாங்கள் வந்தால் குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்போம், தேவையானால் விறைப்பூசி போட்டு நோவிடத்தைப் பிரித்தறிவோம், முறிவு என்று சந்தேகித்தால் எக்ஸ்ரே.

கெஞ்சிக் கேட்கிறேன்

மீன்பிடிக்கும் தம்பிமாரே, அறுந்த தங்கூசியைக் கரையில் எறியாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வேலி அடைக்கும் ஐயாமாரே, கழற்றிய ஆணியை ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். தண்ணீர் தேடி உங்கள் கிணற்றடிக்கு வரும் குதிரை அந்த மண்ணில்தான் மிதிக்கிறது. கட்டில்லாத கிணற்றைச் சுற்றி நாலு முருகைக்கல்லாவது அடுக்குங்கள். சுற்றுலா வருகிறவர்களே, பாண் வேண்டாம், படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வெட்டையில் நொண்டும் குதிரையைத் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள். முன்னாலும் பக்கத்தாலும் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, எந்த இடம் என்று சொல்லி, வனசீவராசிகள் அலுவலருக்கும் எங்களுக்கும் அனுப்புங்கள். மயக்க மருந்தோடு வரவேண்டியதா, வெறும் கையோடு வரலாமா என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். வளவோடு பழகியதென்றால் காய்ந்த நிழலில் நிறுத்தி, தண்ணீரும் காய்ந்த புல்லும் வைத்து, குளம்பைக் கழுவிப் பார்த்துவிட்டு அன்றைக்கே அழையுங்கள். இரவு கண்டால் இரவே அழையுங்கள். விடியற்படகைப் பிடிக்க எங்களுக்கும் ஆயத்தப்பட நேரம் வேண்டும்.